கடனை அடைக்க மாநகர் மன்றம் பொதுச்சொத்தை விற்கலாமா?

ஜெலுத்தோங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் அண்மைக் கூட்டத்தில் மதிப்பீட்டு வரியைப் பற்றி, அதாவது மாநகர் மன்றத்துக்கு நாம் கட்டும் வீட்டு வரியைப் பற்றி, பேச்சு வந்தது. பிப்ரவரி இறுதிக்குள் ஒரு முறை, ஆகஸ்டு இறுதிக்குள் ஒரு முறை என்று இரண்டு தவணையாகக் கட்டும் அந்த வரி உயர்ந்தால், ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் முதியவர்கள் என்ன செய்வார்கள் என்று ஓர் அம்மா கேட்டார். உடனே ஒருவர் எழுந்து, "மன்றத்துக்குக் கடன் இருந்தால், பற்றாக்குறை இருந்தால், தன்னிடம் சும்மா கிடக்கும் நிலத்தையும் பழைய கட்டடங்களையும் முதலில் விற்கட்டும், அதற்குப் பிறகு நம்மிடம் கை நீட்டட்டும்" என்றார். பெரும்பாலோர் அதை ஆமோதித்தார்கள்.

எந்த மன்றமும் இப்போது சொத்தை விற்கப் போவதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு முன் இதைப் பற்றிச் சங்கத்தின் கருத்தாக ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். விற்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குக் காவல் வைத்து, புல் வெட்டி, கூரை ஒழுகலை அடைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் கடனுக்கு வட்டியும் கட்டுவது அறிவுடைமையாகத் தெரியவில்லை. மறு பக்கம், ஒரு முறை விற்ற நிலம் ஊருக்குத் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

விற்பதால் கடன் உண்மையிலேயே குறைகிறதா, எவற்றை எந்த நிலையிலும் விற்கக் கூடாது, நம் நாட்டில் இதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு இருக்க வேண்டும் என்பவற்றைப் பற்றி, விவரம் அறிந்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.


பட்டர்வொர்த் கணக்கர் எழுதியது:

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். நான் கணக்காய்வுத் தொழிலில் இருப்பவன்; விற்பனையை முற்றாக எதிர்ப்பவன் அல்லன். உங்கள் கூட்டத்தில் கடனையும் பற்றாக்குறையையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள். முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும். கடன் என்பது முன்பே வாங்கிய தொகை. அதை ஒரு முறை அடைத்தால் தீர்ந்தது. பற்றாக்குறை என்பது ஒவ்வோர் ஆண்டும் வரவைவிடச் செலவு மிகுதியாக இருக்கும் நிலை. அதை ஒரு முறை வரும் பணத்தால் அடைத்தால், அடுத்த ஆண்டும் அது அப்படியே வந்து நிற்கும், அப்போது விற்பதற்கு ஒரு நிலம் குறைவாக இருக்கும்.

கடனை மட்டும் எடுத்துக்கொண்டால், விற்கலாமா என்பதை வெறும் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 20 மில்லியன் ரிங்கிட் மதிப்புள்ள ஒரு நிலம் எந்த வருமானமும் பயனும் தராமல் கிடக்கிறது என்றும், மன்றம் அதே அளவு கடனுக்கு 4.5 விழுக்காடு வட்டி கட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த நிலத்தை விற்றுக் கடனை அடைத்தால் ஆண்டுக்கு 900,000 ரிங்கிட் மிச்சம். அதே 20 மில்லியன் மதிப்புள்ள கடைவரிசை ஒன்று, பராமரிப்புச் செலவு போக ஆண்டுக்கு 1.2 மில்லியன் வாடகை தருகிறது என்றால், அதை விற்கும் மன்றம் 900,000 வட்டியை மிச்சப்படுத்த 1.2 மில்லியன் வருமானத்தை இழக்கிறது. கடன் குறைந்ததாக அறிக்கையில் எழுதலாம், ஆனால் ஆண்டுதோறும் 300,000 ரிங்கிட் துண்டு விழும். வருமானம் தரும் சொத்துக்குத்தான் வாங்க ஆள் எளிதில் கிடைக்கும் என்பதால், நெருக்கடியில் இருக்கும் மன்றங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான் முதலில் சந்தைக்குக் கொண்டுவருகின்றன. எனக்கு இதில் உள்ள பெரிய கவலையே அதுதான்.

வெளிநாட்டு அனுபவங்களையும் பாருங்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் 2006ல் தனக்குச் சொந்தமான ஏறத்தாழ 48,000 வாடகை வீடுகளை ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்குச் சுமார் 1.7 பில்லியன் யூரோவுக்கு விற்றது. அந்த வீடுகளின் மேல் இருந்த கடன் போக நகரத்தின் கைக்கு 980 மில்லியன் யூரோ அளவு வந்தது. அதைக் கொண்டு நகரம் தன் கடன் முழுவதையும் அடைத்தது. வட்டிச் சுமை நீங்கியது உண்மை. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னாளில் குறைந்த வாடகை வீட்டுக்குத் தேவை வந்தபோது நகரத்திடம் வீடு இல்லை. 2017ல் புதிதாக ஒரு நகர வீட்டு நிறுவனத்தை அடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தின் பர்மிங்காம் இன்னும் கசப்பான பாடம். ஆண், பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராமல் விட்டதற்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சமாளிக்க, அந்த மன்றம் 2015ல் தன் பெரிய கண்காட்சி மையத்தை 307 மில்லியன் பவுனுக்கு விற்றது. அதை வாங்கியவர்கள் 2018ல் ஏறக்குறைய 800 மில்லியன் பவுனுக்கு வேறொருவருக்கு விற்றார்கள். 2023 செப்டம்பரில், அதே சம ஊதியக் கோரிக்கைகளை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லி, வரவு செலவைச் சரிக்கட்ட இயலவில்லை என்று மன்றம் அறிவித்தது. சொத்து கையை விட்டுப் போயிற்று, அதை விற்கத் தூண்டிய காரணம் தீரவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: இங்கிலாந்தில் சொத்து விற்ற பணத்தை மன்றங்கள் பொதுவாக அன்றாடச் செலவுக்கு எடுக்க முடியாது, அரசின் சிறப்பு அனுமதி வேண்டும். பர்மிங்காம் அந்த அனுமதியைக் கேட்டுப் பெற்று, மறுபடியும் சொத்து விற்பனையில் இறங்கியது.

ஆக்லாந்து மன்றம் 2023ல் தன் விமான நிலையப் பங்குகளில் ஒரு பகுதியைச் சுமார் 830 மில்லியன் நியூசிலாந்து டாலருக்கு விற்றுக் கடனைக் குறைத்தது. எஞ்சிய பங்குகளை 2024 இறுதியில் விற்றபோது அந்தப் பணத்தைச் செலவுக்கு விடாமல், முதலைக் காத்து அதன் ஆதாயத்தை மட்டும் எடுக்கும் நோக்கத்தோடு ஒரு நீண்டகால நிதியில் வைத்தது. விற்பது தவிர்க்க முடியாதது என்றால் இந்த இரண்டாவது வழியைத்தான் நான் ஆதரிப்பேன். ஒரு சொத்து போனால் அதன் இடத்தில் இன்னொரு சொத்து வந்து உட்கார வேண்டும்.


ஓய்வுபெற்ற ஊழியன், ஆயர் ஈத்தாம் எழுதியது:

கணக்கர் ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். அதற்கு நம் ஊர் வரலாறே சான்று என்பதால் அதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஜார்ஜ்டவுன் 1957 ஜனவரி 1ஆம் நாள் மாநகரானது. அதன் முதல் மேயர் நம்மவர், டி.எஸ். இராமநாதன். அந்த மன்றம் வெறும் குப்பை அள்ளி வரி வாங்கும் மன்றமாக இருக்கவில்லை. மின்சாரத்தை அதுவே வழங்கியது, தண்ணீரை அதுவே வழங்கியது, பேருந்துகளை அதுவே ஓட்டியது. நம் அப்பாமார், தாத்தாமார் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டதும் அந்தத் துறைகள்தாம். அறுபதுகளின் நடுவில் ஜார்ஜ்டவுன் மன்றத்தின் ஆண்டு வருமானம் மாநில அரசின் வருமானத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்று சொல்லப்படும் நிலை இருந்தது. வீட்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மன்றமும் அந்த உயரத்தை எட்டியிருக்க முடியாது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1965ல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தண்ணீர் 1973ல் மாநிலத் தண்ணீர் வாரியத்துக்குப் போனது, மின்சாரம் 1976ல் தேசிய மின்சார வாரியத்துக்குப் போனது, பேருந்தும் காலப்போக்கில் நின்றது. இவை எதுவும் கடனுக்காக விற்கப்பட்டவை அல்ல. கொள்கை முடிவால் கைமாறியவை, அவற்றுக்கு அந்தக் காலத்தில் வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் விளைவு ஒன்றுதான்: வருமானம் ஈட்டித் தந்த சொத்துகள் போன பிறகு, மன்றம் மதிப்பீட்டு வரி, உரிமக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், அரசு மானியம் ஆகியவற்றையே பெரும்பாலும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று. இன்று உங்கள் சங்கத்து முதியவர் வரி உயர்வை நினைத்து அஞ்சுவதற்கும் அன்றைய கைமாற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறது. எஞ்சியிருக்கும் சந்தைகளையும் கடைகளையும் நிறுத்துமிடங்களையும் விற்று வரியைத் தவிர்க்கலாம் என்று சொல்வது, விதைநெல்லைக் குத்திப் பொங்குவது போன்றது. பத்தாண்டு கழித்து வரி கட்டாயம் உயரும், அப்போது அதைத் தணிக்க வேறு வருமானம் இருக்காது.

தண்ணீர் வாரியத்தைப் பற்றி ஒரு சொல். அது 1999ல் நிறுவனமாக மாற்றப்பட்டு, 2002ல் அதன் தாய் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. ஆனால் மாநில அரசு பெரும்பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பினாங்கின் தண்ணீர்க் கட்டணம் நெடுங்காலம் நாட்டிலேயே மிகக் குறைந்த கட்டணங்களில் ஒன்றாக இருந்ததற்கு அந்தப் பிடியும் ஒரு காரணம். தனியார் முதலீடு வரட்டும், ஆனால் முடிவெடுக்கும் கை பொதுக்கையாகவே இருக்கட்டும் என்று சொல்பவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொத்துப் பட்டியலில் சந்தை எப்போதும் "நட்டக் கணக்கு" என்றே காட்டப்படும். விடியுமுன் ஒரு மன்றச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மீன் பெட்டிகளில் பனிக்கட்டியைக் கொட்டும் ஓசைக்கு நடுவே, தூணோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து வாழையிலையும் முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் விற்கும் பாட்டி ஒருவர் இருப்பார். அவர் கட்டும் மேசைக் கட்டணம் தனியார் கட்டட உரிமையாளர் எவரும் ஏற்காத சிறு தொகை. அந்தத் தொகைக்குள் மன்றம் தரை கழுவுகிறது, வடிகாலை அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது, எலி பிடிக்கிறது, கழிவறையைத் திறந்து வைக்கிறது. வரவு செலவுப் புத்தகத்தில் அது நட்டம்தான். ஆனால் அந்தச் சந்தையைச் சுற்றியிருக்கும் மளிகைக் கடை, பூக்கடை, காலையுணவுக் கடை எல்லாம் அங்கே வரும் கூட்டத்தை நம்பி நடக்கின்றன. அவை கட்டும் வரியும் உரிமக் கட்டணமும் வேறு தலைப்பில் போய் விழுகின்றன. சந்தையை விற்றவன் அந்தக் கூட்டத்தையும் சேர்த்தே விற்கிறான். மன்றத்தில் வேலை செய்த காலத்தில் இந்தக் கணக்கை ஒரே தாளில் சேர்த்து எழுதி யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. எழுதினால் பல விற்பனை யோசனைகள் கூட்டத்துக்கே வராது.


டாமன்சாரா வாசகர் எழுதியது:

நான் கோலாலம்பூரில் இருப்பவன். பெரியவர் வரலாற்றைச் சொன்னார். நான் நிலத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் "சும்மா கிடக்கும் நிலம்" என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னது எனக்கு உறுத்துகிறது. திடல் சும்மா கிடப்பதில்லை. வெள்ளத் தடுப்புக் குளம் சும்மா கிடப்பதில்லை. மலைச்சரிவில் மரம் நிற்கும் நிலம் சும்மா கிடப்பதில்லை. அவை ரிங்கிட் தராமல் இருக்கலாம், ஆனால் அவை இல்லாவிட்டால் மன்றம் கட்ட வேண்டிய தொகை பெரிது.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்கா வழக்கை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஏறத்தாழ 25 ஏக்கர் பூங்காவில் 12 ஏக்கர் அளவு நிலம் ஓர் அறவாரியத்தின் பெயருக்கு மாற்றப்பட்டு, அங்கே உயரமான கொண்டோமினியக் கோபுரங்கள் கட்ட மேம்பாட்டு ஆணை தரப்பட்டது. நகரின் கட்டமைப்புத் திட்டத்தில் அந்த இடம் பொதுத் திறந்தவெளி என்றே குறிக்கப்பட்டிருந்தது. அனுமதி தரும் பொறுப்பில் இருந்த டத்தோ பண்டார், அதாவது கோலாலம்பூர் மேயர், அந்த அறவாரியத்தின் அறங்காவலர்களில் ஒருவராகவும் இருந்தார். குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்றது, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்தக் கதையில் பலர் மறந்துவிடும் பகுதிதான் நமக்கு முக்கியமானது. அந்தப் பூங்காவின் ஓரத்தில் நீண்ட வரிசை வீடுகளில் வாழ்பவர்கள் முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்களின் குடும்பங்கள், பெரும்பாலும் நம் தமிழர்கள். தோட்டத்தை அரசு கையகப்படுத்தியபின், எண்பதுகளின் தொடக்கத்தில் தற்காலிகம் என்று சொல்லி அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். நிலையான வீடு தருவோம் என்ற வாக்குறுதி தலைமுறை கடந்தும் நிறைவேறவில்லை. அந்தக் கோபுரத் திட்டத்தோடு அவர்களுக்கான வீடுகளும் இணைக்கப்பட்டிருந்ததால், பூங்காவைக் காக்கப் போராடியவர்களும் வீட்டுக்காகக் காத்திருந்தவர்களும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். பூங்காவுக்கு நடக்கச் செல்பவன் நான். அந்த வரிசை வீடுகளின் துருப்பிடித்த தகரக் கூரையைக் கடந்துதான் போவேன். பொது நிலத்தைத் தனியாருக்குக் கொடுப்பதைத் தவிர ஏழைக்கு வீடு கட்ட வேறு வழியே இல்லை என்ற நிலையை உண்டாக்கியது யார் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். ஆரம்பத்திலேயே அந்த நிலத்தின் ஒரு சிறு பகுதியை அவர்களுக்கென்று ஒதுக்கிப் பொதுப் பணத்தில் கட்டியிருந்தால், இத்தனை ஆண்டு வழக்குக்கு இடமே இருந்திருக்காது.

ஆகவே விற்பனை என்றால் எல்லாம் ஒன்று என்று நான் கருதவில்லை. பிபிஆர் எனப்படும் அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகளில் மாதம் 124 ரிங்கிட் வாடகையில் நெடுங்காலம் வாழும் குடும்பத்துக்கு, அந்த வீட்டை 35,000 ரிங்கிட் போன்ற சலுகை விலையில் விற்பதை நான் மனமார வரவேற்கிறேன். அங்கே பொதுச்சொத்து பொதுமக்களில் ஒருவர் கைக்கே போகிறது. அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் பராமரிப்பைப் புதிய உரிமையாளர்கள் தலையில் மட்டும் போட்டுவிட்டு மன்றம் ஒதுங்கிக்கொண்டால், பத்து மாடி ஏறி இறங்கும் முதியவருக்கு அந்தச் சொத்துரிமைப் பத்திரத்தால் என்ன பயன்? அடுத்த தலைமுறைக்கு வாடகை வீடு வேண்டுமே என்பதும் உண்டு. விற்ற பணம் புதிய வாடகை வீடு கட்டத்தான் போக வேண்டும், கடனுக்கு அல்ல.


ஜெலுத்தோங்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சந்தைக் கணக்கை ஒரே தாளில் எழுத வேண்டும் என்ற பெரியவரின் கருத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் கூட்டத்தில் இன்னொரு யோசனையும் வந்தது: விற்க வேண்டாம், 60 ஆண்டு, 99 ஆண்டு என்று குத்தகைக்கு விட்டு முன்பணம் முழுவதையும் வாங்கிக்கொள்ளலாம், நிலம் மன்றத்தின் பெயரிலேயே இருக்கும் என்றார்கள். இது பாதுகாப்பானதா? கணக்கர் ஐயா என்ன நினைக்கிறீர்கள்?


பட்டர்வொர்த் கணக்கர் எழுதியது:

பெயர் மன்றத்திடம் இருக்கும், பயன் வேறொருவரிடம் இருக்கும். நம் தேசிய நிலச் சட்டத்தின்படி குத்தகை 99 ஆண்டு வரை போகலாம். இன்று பிறக்கும் குழந்தை பேரன் பேத்தி எடுத்த பிறகும் முடியாத ஒப்பந்தத்தை, விற்பனையிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்கு முடியவில்லை.

சிக்காகோ நகரத்தைப் படியுங்கள். 2008ல் அந்நகரம் தன் 36,000 வாகன நிறுத்த மீட்டர்களை 75 ஆண்டுக்கு ஒரு முதலீட்டுக் கூட்டமைப்புக்கு 1.15 பில்லியன் டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. மன்றத்தில் அந்தத் தீர்மானம் சில நாள்களுக்குள் முன்வைக்கப்பட்டு நிறைவேறியது. உறுப்பினர்கள் ஒப்பந்தத்தைப் படித்து முடிக்கக்கூட நேரமில்லை. அடுத்த ஆண்டே நகரின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், அதன் உண்மை மதிப்பைவிட ஏறத்தாழ 974 மில்லியன் டாலர் குறைவாகப் பெறப்பட்டதென்று அறிக்கை தந்தது. வாங்கிய பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் வரவு செலவுப் பள்ளங்களை நிரப்பக் கரைந்துவிட்டது. குத்தகை 2083 வரை நீடிக்கிறது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. திருவிழாவுக்கோ சாலைப் பணிக்கோ நகரம் ஒரு தெருவை மூடினால், அங்கே இழந்த மீட்டர் வருமானத்துக்கு நிறுவனத்திடம் இழப்பீடு கட்ட வேண்டும். தன் தெருவை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவெடுக்கும் உரிமையையே நகரம் 75 ஆண்டுக்கு அடகு வைத்துவிட்டது. தைப்பூசத்துக்கு இரதம் வரும் பாதை முழுவதும் வாகனங்களை அகற்றி வழிவிடும் ஊர் நம்முடையது. அதற்கு ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்டும் நிலை வந்தால் யார் ஏற்பார்கள்?

குத்தகை என்றாலே தீது என்றும் நான் சொல்லவில்லை. பூட்டிக் கிடக்கும் பாரம்பரியக் கட்டடத்தைப் பழுதுபார்க்க மன்றத்திடம் பணம் இல்லாவிட்டால், 15 அல்லது 20 ஆண்டுக்கு, பழுதுபார்க்கும் பொறுப்போடு, ஆண்டு வாடகை அடிப்படையில், இடையில் மறுபரிசீலனை செய்யும் விதியோடு விடலாம். ஆபத்து முன்பணத்தில்தான் இருக்கிறது. அறுபது ஆண்டு வாடகையை இன்றே வாங்குபவர் அதை இன்றே செலவிட்டுவிடுவார். பின்னால் வரும் ஐம்பத்தொன்பது ஆண்டுகளின் நிர்வாகத்துக்கு ஒரு காசும் மிஞ்சாது.

நம் நாட்டிலேயே இன்னொரு பாடமும் உண்டு. கழிவுநீர்ச் சேவை உள்ளாட்சி மன்றங்களிடமிருந்து எடுக்கப்பட்டு 1993 இறுதியில் தனியார் நிறுவனமான இண்டா வாட்டருக்கு 28 ஆண்டு உரிமமாகத் தரப்பட்டது. 2000ல் நிதியமைச்சு அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொள்ள நேர்ந்தது. இலாபம் வந்தால் தனியாருக்கு, தாங்க முடியாமல் போனால் பொதுமக்களுக்கு என்ற நிலை எந்தக் குத்தகையிலும் வரலாம். வீட்டுக் கழிவுநீர் ஓடியே ஆக வேண்டும் என்பதால் அரசு ஒதுங்கி நிற்கவும் முடியாது.


தஞ்சோங் வழக்கறிஞர் எழுதியது:

யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு இதுவரை யாரும் நேராக வரவில்லை என்பதால் எழுதுகிறேன். மேலே சொன்ன சிக்காகோவிலும் பர்மிங்காமிலும் மக்கள் தவறான முடிவெடுத்தவர்களை அடுத்த தேர்தலில் தண்டிக்க முடியும். நம்மிடம் அது இல்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். ஒரு மன்றத்தில் 24 பேருக்கு மேல் இருக்க முடியாது. கோலாலம்பூரில் அதுவும் இல்லை, டத்தோ பண்டாரே அதிகாரம் உடையவர். உள்ளாட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அமைக்கப்பட்டு, செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் 1968ல் அறிக்கை தந்த அரச விசாரணை ஆணையம், உள்ளாட்சித் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை.

வாக்களிக்கும் உரிமை இல்லாத இடத்தில், திரும்பப் பெற முடியாத முடிவுகளுக்கான கட்டுப்பாடு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரியை உயர்த்தினால் அடுத்த ஆண்டு குறைக்கலாம். கடன் வாங்கினால் அடைக்கலாம். நிலத்தை விற்றால் நியமிக்கப்பட்ட ஒருவரின் கையெழுத்து நூறு ஆண்டு நிற்கும். ஆகையால் சங்கத்தின் கருத்தில், விற்பனை யோசனை எதுவும் மன்றக் கூட்டத்துக்கு வருமுன் குறைந்தது ஆறு மாதம் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், சுதந்திரமான இரண்டு மதிப்பீட்டாளர்களின் மதிப்பு வெளியிடப்பட வேண்டும், திறந்த டெண்டர் இல்லாமல் ஓர் அடி நிலமும் கைமாறக் கூடாது, அனுமதி தருபவர் வாங்குபவர் பக்கத்திலும் அமர்ந்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

வரியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு 2014ல்தான் புதிய மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுக்கு மேல் தொடாமல் வைத்திருந்து ஒரே நாளில் உயர்த்தும்போது மக்கள் கொதிப்பது இயல்பு. 2013 இறுதியில் தலைநகரில் அதுதான் நடந்தது. சிறுகச் சிறுக, ஓய்வூதியக்காரருக்குத் தள்ளுபடியோடு உயர்த்துவதை உங்கள் சங்கம் ஆதரித்தால்தான், சொத்தை விற்காதே என்று சொல்லும் தகுதியும் சங்கத்துக்கு வரும்.

கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எவை மன்றத்தின் பெயரில் உள்ள சொத்துகள், எவை மாநில அரசின் நிலமாக இருந்து மன்றம் பராமரிக்க மட்டும் ஒப்படைக்கப்பட்டவை என்று முதலில் அறிய வேண்டும். இரண்டாவது வகையை மன்றம் விரும்பினாலும் விற்க முடியாது. பினாங்கில் 2010ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி உங்கள் பகுதியில் மன்றத்துக்குச் சொந்தமான நிலங்கள், கட்டடங்கள், அவற்றிலிருந்து வரும் ஆண்டு வாடகை, பராமரிப்புச் செலவு ஆகியவற்றின் பட்டியலைக் கேட்டு மனுச் செய்யலாம். தலைநகரத்து நண்பர்களுக்கு இந்த வசதி இல்லை. ஒரு குறிப்பிட்ட நிலத்தைப் பற்றி ஐயம் இருந்தால், லாட் எண்ணைக் கொண்டு நில அலுவலகத்தில் உரிமைத் தேடல் செய்தால், யார் பெயரில் இருக்கிறது, எந்தப் பயன்பாட்டுக்கென்று நிபந்தனை இடப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பட்டியல் கைக்கு வந்ததும் இங்கேயே பதிவிடுங்கள். கணக்கர் ஐயா காட்டிய முறையில் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.